ஆறு போனுக்கு ஆறு புதையல்

பிள்ளைகளுக்குப் புதையல் வேட்டை நடத்துவதும் ஒரு தொழில்தான். சம்பளம் கிடையாது, பென்ஷன் கிடையாது, ஊருக்கெல்லாம் லீவு விட்ட பிறகுதான் நமக்கு வேலையே ஆரம்பிக்கும். மே மாதத்தில் வீட்டில் பிள்ளை வைத்திருக்கும் பாவப்பட்ட ஜென்மங்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஆறு போன், ஒரு பீரோ

திருவொற்றியூரில் எங்கள் காம்பவுண்டில் பன்னிரண்டு வீடு. கேட்டைத் திறந்தால் எக்ஸ்பிரஸ் ரோடு, அதைத் தாண்டினால் கடல். இத்தனை காற்று இலவசமாக வீசும் இடத்தில், என் மகன் ஜோயல் பரீட்சை முடிந்த நாளிலிருந்து சோபாவின் ஒரே மூலையில் போனோடு கிடந்தான். வயது பன்னிரண்டு. என்ன கேட்டாலும் "ம்". சாப்பிட்டியா? ம். குளிச்சியா? ம். வீடு தீப்பிடிச்சுக்கிச்சு, எழுந்திரு. ம். கான்வென்ட்டில் எனக்குப் பேச்சுப்போட்டியில் மூன்று வருடம் கப் கொடுத்தார்கள். என் வயிற்றில் பிறந்தது ஒரே எழுத்தில் குடும்பம் நடத்துகிறது.

பொறுமை எனக்கு எப்போதுமே கையிருப்பில் இருந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காம்பவுண்டின் ஆறு பிள்ளைகளையும் நிற்க வைத்து ஒப்பந்தம் போட்டேன். ஆறு போனும் என் பீரோவுக்குள் போகும். திங்கள் முதல் சனி வரை தினமும் காலை பத்து மணிக்கு ஒரு புதையல் வேட்டை. பின்தெரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதுவதற்குள் ஒரே ஒரு நாள் புதையலைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், அன்றைக்கே போன் அவர்கள் கைக்குப் போய்விடும். ஆறு நாளும் தோற்றால், பள்ளிக்கூடம் திறக்கும்வரை பீரோவிலேயே இருக்கும். கீழ்வீட்டுப் பர்வீன், பதினொரு வயது வக்கீல், இரண்டு முறை படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். அம்மாக்கள் எல்லோரும் கைதட்டினார்கள், எதிர்வீட்டு மல்லிகா அக்காவைத் தவிர. அவருடைய மகன் தினேஷும் அந்த ஆறில் ஒருத்தன். பட்டுப்புடவைகளுக்கு நடுவே நான் போன்களை அடுக்கிப் பூட்டுவதை வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "போனைப் புடுங்கிட்டே, சரி. புள்ளைங்கள எங்க வைப்பே? பீரோல எடம் கீதா?"

உட்கார்ந்த இடம்

திங்கட்கிழமைக்காக அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து எதுகை மோனையோடு ஏழு க்ளூ எழுதினேன். ஒன்றைக் கண்டுபிடித்தால் அடுத்தது எங்கே என்று அதில் இருக்கும்; ஏழாவது சொல்லும் இடத்தில் புதையல். புதையல் என்றால் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் ஆறு சாக்லேட், ஒரு பொட்டலம் கடலை மிட்டாய், புத்தம்புது கேரம் ஸ்ட்ரைக்கர் ஒன்று. முதல் க்ளூவை நானே கணீரென்று வாசித்தேன். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. "தேட்றா!" என்றான் தினேஷ். அவ்வளவுதான். வருமான வரி ரெய்டு வந்த மாதிரி ஆறு பேரும் என் வீட்டுக்குள் புகுந்தார்கள். மெத்தை எழுந்து நின்றது. பருப்பு டப்பாக்கள் வரிசையாகத் தரைக்கு இறங்கின. ஐந்தாவது க்ளூ முதலில் கிடைத்தது, அடுத்து இரண்டாவது. எதையும் படிக்கவில்லை, கிடைத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த டப்பாவைத் திறந்தார்கள். மணி பத்து பதினேழு.

டின் இருந்தது கோதுமை மாவு டிரம்மில். தினேஷ் டிரம்மை நோக்கி நடப்பதைப் பார்த்தேன். எனக்கு ஒழுக்கம் போதித்த சிஸ்டர்கள் மன்னிக்கட்டும். "அங்க பாருடா பல்லி!" என்று கத்திவிட்டு, டின்னை உருவி நாற்காலியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நைட்டி நல்ல அகலம். அங்கிருந்து பன்னிரண்டு மணி வரை அசையவில்லை. காலிங் பெல் அடித்தது, எழவில்லை. பால் பொங்கியது, எழவில்லை. பதினொன்றரைக்கு ஆறு பேரும் எதிரே தரையில் வட்டமாக உட்கார்ந்து என்னையே பார்க்க ஆரம்பித்தார்கள். சங்கு ஊதியது. நான் ஜெயித்தேன், இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல். அப்போது ஜோயல், பதினைந்து நாளில் முதல்முறையாக, முழுசாக ஒரு வாக்கியம் பேசினான்: "அம்மா, நீ பாத்ரூம் போகணும்னா போ, நாங்க திரும்பி நின்னுக்கறோம்."

மூன்றாம் நம்பர்

இனிமேல் வீட்டுக்குள் ஒளிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். மறுநாள் செவ்வாய், எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும் நாள். காலை ஆறு மணிக்கே குடங்கள் வரிசையில் நின்றுவிடும். பச்சை, சிவப்பு, நீலம், நடுவில் பெயின்ட் வாளி ஒன்று. லாரி மதியம் மூன்றுக்கு முன்னால் வந்ததாகச் சரித்திரம் இல்லை. எனவே மூன்றாவது க்ளூவை ஒரு பச்சைக் குடத்தின் அடியில் டேப் போட்டு ஒட்டினேன். "வயிறு உண்டு, பசி இல்லை, கழுத்து உண்டு, தலை இல்லை, வரிசையில் நிற்பேன், வாய் திறந்து நிற்பேன்." அதற்குப் போகச் சொல்லும் வரிகள் இவை. சீட்டின் முதுகில், எனக்கே குழம்பிவிடக் கூடாது என்று, கொட்டை எழுத்தில் '3' என்று போட்டிருந்தேன்.

அன்றைக்கென்று லாரி பத்தேகாலுக்கு வந்தது. குடத்தைத் தூக்கிய பெண்மணி அடியில் சீட்டைப் பார்த்தார். "டோக்கன் குடுத்துகீறாங்கடி!" என்று ஒரு குரல். அடுத்த நிமிடம் தெருவிலிருந்த அத்தனை குடமும் தலைகீழாகக் கவிழ்ந்தது. யாருடைய குடத்திலும் சீட்டு இல்லை. வரிசையில் பதினோராவதாக நின்ற பச்சைக் குடத்துக்கு மட்டும் மூன்றாம் நம்பர் கொடுத்த அநியாயக்காரி யார் என்று விசாரணை நடந்தது. "அது விளையாட்டுங்க, பிள்ளைங்களுக்கு" என்று நான் முன்னால் போனதுதான் தப்பு. "தண்ணியில இன்னா வெளாட்டு?" என்றது கூட்டம். என் பாவத்துக்குப் பரிகாரமாக ஆறு பிள்ளைகளையும் வேலைக்குப் பிடித்துக்கொண்டார்கள். சங்கு ஊதும்போது தினேஷ் எட்டாவது குடத்தோடு மூன்றாவது மாடி ஏறிக்கொண்டிருந்தான். நான் எல்லோர் காலிலும் விழாத குறையாக விளக்கி முடித்தேன். மல்லிகா அக்கா பொறுமையாகக் கடைசிவரை கேட்டார். பிறகு என்னைத் தனியாக ஓரம்கட்டி, குரலைத் தாழ்த்தி, "அதெல்லாம் இருக்கட்டும் ஸ்டெல்லா, ஒண்ணாம் நம்பர் யார்கிட்ட கீது? அத்த மட்டும் எனக்குச் சொல்லிடு" என்றார்.

பகலில் உறங்கும் பூதம்

என் வீட்டுக்காரருக்கு மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நைட் ஷிப்டு முடித்து காலை எட்டுக்கு வந்து படுத்தாரென்றால், நேரே மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனாலும் தெரியாது. அப்படியொரு தூக்கம். புதன்கிழமை க்ளூ அவர் தலையணைக்கு அடியில். "பகலில் உறங்கும் பூதம், தலைக்குக் கீழே வேதம்." எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கட்டிலைச் சுற்றி நின்றார்கள். யார் கை விடுவது என்று கண்ணாலேயே ஒரு பேச்சுவார்த்தை. பர்வீன் தலையிலிருந்த துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகக் குனிந்தாள். அந்த நேரம் பார்த்து இவர் கண்ணைத் திறந்தார். சுற்றி ஆறு முகம். ஆறும் மௌனம். ஒருத்தி முக்காடு போட்டு அவர் முகத்துக்கு நேரே குனிந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, "எப்ப ஆச்சு?" என்று கேட்டார், யாருக்கோ ஆறுதல் சொல்கிற குரலில்.

விஷயம் புரிந்ததும் எழுந்து தூங்கப் போயிருக்கலாம். அதாவது மறுபடி தூங்கியிருக்கலாம். மனிதர் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அணித்தலைவராகிவிட்டார். ஒவ்வொரு க்ளூவையும் பிடுங்கிப் படித்து, "இது ஈசிடா, வாங்க!" என்று முன்னால் ஓடினார். மோட்டார் ரூமுக்கு ஓடினார். அங்கே இல்லை. மளிகைக்கடைக்கு ஓடினார். அங்கே இல்லை, ஆனால் அரை மணி நேரம் கடைக்காரரோடு பேசினார். எனக்கு அன்று வேலையே இல்லை. காலை நீட்டி உட்கார்ந்து காபி குடித்தேன். சங்கு ஊதியதும் வியர்வையில் நனைந்த தினேஷ் வந்து புகார் கொடுத்தான்: "அங்கிள் எல்லாத்தையும் தப்பாத்தான் ஆன்ட்டி சொல்றாரு, ஆனா சத்தமா சொல்றாரு!"

மோப்பம்

வியாழக்கிழமை மொட்டை மாடி. மல்லிகா அக்கா அங்கே பிளாஸ்டிக் ஷீட்டில் நெத்திலி காயப்போட்டிருந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு க்ளூவை நெத்திலிக்கு அடியில் செருகினேன். அதே கையோடு மற்ற க்ளூக்களையும் ஒளித்து வைத்தேன் என்பதை யோசிக்கவில்லை. காம்பவுண்டுப் பூனை யோசித்தது. பத்து மணிக்குக் கிளம்பியது. மாடிப்படி, மீட்டர் பெட்டி, தையல் மிஷின் என்று வரிசையாக ஒவ்வொரு க்ளூவின் முன்னாலும் நின்று முகர்ந்தது. பிள்ளைகள் பூனையின் பின்னால் கைகட்டி நடந்தார்கள். இருபது நிமிடத்தில் ஐந்து க்ளூ காலி. இன்னும் ஒன்றுதான் பாக்கி. நான் பீரோ சாவியை எடுத்து வைத்துக்கொண்டு, தோல்வியை எந்த முகத்தோடு ஏற்பது என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது தெருவில் "வஞ்சிரம், சங்கரா, எறா!" என்று மீன் கூடைக்காரம்மா குரல். பூனை ஒரு கணம் தயங்கியது. அப்புறம் கேட்டைத் தாண்டியது. அது திரும்பி வருமென்று ஆறு பேரும் சங்கு ஊதிய பிறகும் கேட்டில் காத்திருந்தார்கள், பன்னிரண்டரை மணி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் உள்ளே வந்த பர்வீன் தட்டின் முன் உட்கார்ந்து, சோற்றைத் தொடாமல், "பூனை நம்பிக்கைத் துரோகி ஆன்ட்டி" என்றாள்.

லைன்

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் டின்னுக்கு நாலடி தூரத்தில் நின்றபோது சங்கு ஊதியது. நாலடி! இந்தப் பிள்ளைகளுக்கு நான் எப்படி யோசிக்கிறேன் என்பது தெரிந்துவிட்டது. சனிக்கிழமை ஒன்றுதான் பாக்கி. தோற்றால் மறுபடி சோபாவின் மூலை, மறுபடி "ம்". வெள்ளி ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பால்கனியில் நின்று, ஒளிக்க இடமில்லாத இந்த ஊரை நொந்துகொண்டிருந்தேன். எதிரே கண்டெய்னர் லாரிகள்.

இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர்கள் எக்ஸ்பிரஸ் ரோட்டோரம் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். அதற்குப் பெயர் லைன். எங்கள் கேட்டுக்கு நேரே நின்ற துருச்சிவப்பு கண்டெய்னர் மூன்று நாளாக ஒரு அங்குலம் அசையவில்லை. டிரைவர் அதில் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தார். ஸ்டவ் வைத்துச் சமைத்தார். எங்கள் காம்பவுண்டுக்கே பதின்மூன்றாவது வீடு மாதிரி ஆகிவிட்டார். சனிக்கிழமை காலை அவரிடம் போய்க் கேட்டேன். நாமக்கல் பக்கத்து மனிதர். "ஒட்டிக்கோங்கம்மணி, நாம எங்க போகப்போறோம்?" என்றார். கடைசிக் க்ளூவை, டின் இருக்குமிடம் எழுதிய க்ளூவை, கண்டெய்னரின் பின்கதவில் ஒட்டினேன். அதற்குப் போகச் சொல்லும் வரியும் ரெடி: "ஊரில் எல்லாம் நகரும், நான் மட்டும் நகரேன்."

பதினொன்று முப்பத்தைந்து. அந்த வரியை ஆறு பேரும் கேட்டில் நின்று படித்தார்கள். ஜோயல்தான் முதலில் நிமிர்ந்தான். "லைன்!" என்று அலறினான். அவன் கை நீட்டிய திசையில், மூன்று நாள் அசையாத துருச்சிவப்பு கண்டெய்னர் ஒரு பெருமூச்சு விட்டு நகர்ந்தது. அதற்கு முன்னாலிருந்ததும் நகர்ந்தது. மொத்த எக்ஸ்பிரஸ் ரோடே துறைமுகத்தைப் பார்த்துக் கிளம்பிவிட்டது, கயிற்றில் இரண்டு பனியனோடு. "ஒருத்தரும் கேட்டைத் தாண்டக் கூடாது! தாண்டினா கொன்னுடுவேன்!" என்று பிள்ளைகளை உள்ளே தள்ளித் தாழ் போட்டுவிட்டு நான் ஓடினேன். நைட்டி, தோளில் ஒரு துண்டு, ஒரு காலில் மட்டும் செருப்பு. டீக்கடையில் எழுந்து நின்று பார்த்தார்கள். பின்கதவைப் பிடிக்க முடியவில்லை. லாரி என்னைவிடக் கொஞ்சம்தான் வேகம், ஆனால் அந்தக் கொஞ்சம் விடாமல் இருந்தது. ரோட்டோரமாகவே மூச்சிரைக்க ஓடியபடி, "நிறுத்துங்க, என் க்ளூ!" என்று கத்தினேன். டிரைவர் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு ஆனந்தம். "மூணு நாள் கழிச்சு நகருதுங்கம்மணி, இப்ப பிரேக்குப் போட்டா பின்னாடி இருக்கறவங்க என்னைய உசுரோட விட மாட்டாங்க. நீங்க அப்படியே ஹார்பர் வரைக்கும் ஓடியாந்துருங்க!"

தீர்ப்பு

நான் நொண்டிக்கொண்டு திரும்பி வரவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. டின் கிடைக்கவில்லை, ஆறு நாளும் முடிந்தது, ஜெயித்தவள் நான்தான் என்று அறிவித்தேன். காம்பவுண்டில் கலவரம் வெடித்தது. நியாயம் சொல்ல மல்லிகா அக்காவைத் துணி துவைக்கும் கல்லின் மேல் உட்காரவைத்தார்கள். அவர் வீட்டு கிரைண்டருக்குள்தான் டின் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. அவர் குளிக்கப் போன நேரத்தில் நான் வைத்தது. பர்வீன் எழுந்தாள். "க்ளூ இந்நேரம் ஹார்பருக்குள்ள போயிருக்கும். உள்ள போறதுக்கு எங்ககிட்ட கேட் பாஸ் இல்ல. சங்குக்கு இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருந்துச்சு, அத யாரு திருப்பித் தருவா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

அடுத்து என் மகன் எழுந்தான். எந்த மகன்? "ம்" மகன். நான்கு நிமிடம் நிறுத்தாமல் பேசினான். திங்கட்கிழமை டின் மேல் உட்கார்ந்ததைச் சொன்னான், பல்லியைச் சொன்னான், அப்பாவை ஏவிவிட்டதே நான்தான் என்று சொன்னான் (அபாண்டம்). கை வேறு ஆட்டினான். நகரும் சாமானில் ஒளித்தவர்தான் பொறுப்பு, தேடியவர் பொறுப்பல்ல என்று முடித்தபோது மாடிப்படியெல்லாம் கைதட்டல். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவன் பேசிய ஒவ்வொரு வாக்கியமும் என் தலையில் விழுந்துகொண்டிருந்தது, ஆனால் ஒரு வாக்கியத்தைக்கூட வேண்டாமென்று சொல்ல மனசில்லை. மூன்று வருடம் கப் வாங்கியவள் ஓரமாக நகர்ந்து அவனுக்கு இடம்விட்டேன். மல்லிகா அக்கா தொண்டையைச் செருமினார். "லைனை நம்பி யாராச்சும் சீட்டு ஒட்டுவாங்களாமா? தப்பு உன்மேலதான் கீது ஸ்டெல்லா. போனைக் குட்த்துடு."

கொடுத்தேன். பீரோவைத் திறந்து, பட்டுப்புடவை மடிப்பிலிருந்து ஆறு போனையும் எடுத்து டைனிங் டேபிளில் வரிசையாக வைத்தேன். ஆறும் செத்துக் கிடந்தன. அணைக்காமலே உள்ளே போட்டிருக்கிறேன்; முதல் இரண்டு நாள் புடவைக்குள்ளிருந்து மணியடித்து, மூன்றாம் நாள் ஓய்ந்திருக்கின்றன. பிள்ளைகள் பட்டனை அழுத்திப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், பிறகு ஒயர்களைத் தேடி ஒவ்வொன்றாகச் சொருகினார்கள். கொஞ்ச நேரம் ஆறு பேரும் டேபிளைச் சுற்றி நின்று கறுத்த கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோற்றவள் பெருந்தன்மையாக இருக்க வேண்டும் என்று சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "சரி, போனாப் போகுது. டின் எங்க இருக்குன்னு சொல்லிடறேன்" என்று வாயைத் திறந்தேன். ஜோயல் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினான்: "சொல்லாதம்மா! சார்ஜ் ஏற ஒரு மணி நேரம் ஆகும், அதுக்குள்ள நாங்களே புடிச்சிடுவோம். வேணும்னா சின்னதா ஒரு க்ளூ மட்டும் எழுதிக் குடு!"

ஆக, பாவப்பட்ட ஜென்மங்களே, போனை ஜெயித்தவர்கள் அவர்கள்தான் என்றாலும், அன்று சாயங்காலம் வரை அந்த ஆறு போனுக்கும் வந்த அழைப்புகளுக்கெல்லாம் "அவங்க வீட்ல இல்லீங்க" என்று பதில் சொன்னவள் நான்.